வெடிப்புக்கு அந்தப் பக்கம் பூனை

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்துப் பூனைக்குப் பசி அடங்கியதே இல்லை. நடந்தால் வயிறு தரையைப் பெருக்கும், அப்படி ஒரு குண்டு. ஆனாலும் யாராவது கண்ணில் பட்டால் போதும், பத்து நாள் பட்டினி கிடந்த மாதிரிக் காலைச் சுற்றிச் சுற்றிக் கத்தும். லயத்தில் வரிசையாக ஒட்டிக் கிடந்த எட்டு வீட்டிலும் தின்றுவிட்டு, ஒன்பதாவது வீடு இல்லையே என்று அழுகிற சாதி.

அந்த வருஷ மழையில் லயத்து வாசலைக் குறுக்கே அறுத்துக்கொண்டு நிலம் வெடித்தது. மண்சரிவு அபாயம் என்று பலகை நட்டு, எட்டுக் குடும்பத்தையும் கீழே மூடிக்கிடந்த பழைய தேயிலைத் தொழிற்சாலையில் கொண்டுபோய் வைத்தார்கள். கிராம சேவகர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: வெயில் அடித்தாலும் மேலே போகக்கூடாது, மலை எப்போது இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நாங்கள் எல்லாரும் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினோம்.

பூனையை உரச் சாக்கில் போட்டு இரண்டு தடவை கீழே கொண்டுவந்தேன். இரண்டு தடவையும் சாயங்காலத்துக்குள் லயத்துக்கே திரும்பிவிட்டது. மகள் அழுதாள். பதினொரு வயது, எங்களுக்கு ஒரே பிள்ளை. கணவருக்குக் கொழும்பில் கடையில் வேலை. போனில், “பூன தானே, விடு” என்றார். நான் மகளிடம் கறாராகச் சொன்னேன்.

“அந்தப் பக்கம் தல வச்சுப் படுத்தே, கால ஒடிச்சிருவேன்.”

சொன்ன நான் மறுநாளே போனேன். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் எனக்கு வேலை; கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் குழந்தைகளை அங்கேதான் விட்டுப் போவார்கள். மத்தியானம் குழந்தைகள் தூங்குகிற நேரத்தில், கூட வேலை செய்கிறவளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சோற்றையும் பருப்பையும் சுற்றிக்கொண்டு ஏறுவேன். வெடிப்பு முதல் நாள் கட்டைவிரல் நுழைகிற அகலம். அடுத்த வாரம் உள்ளங்கை நுழைந்தது. உள்ளே எங்கேயோ தண்ணீர் ஓடுகிற சத்தம், மழையே இல்லாத நாளிலும் கேட்டது. ஆனாலும் அந்தக் கத்தலைக் கேட்டால், என்னை விட்டால் இதற்கு யார் இருக்கிறார்கள் என்று தோன்றும். கீழே பார்க்காமல் தாண்டிவிடுவேன்.

சோற்றை விழுங்கிவிட்டு மறுபடியும் கத்தும். மூன்று வாரத்தில் பூனை மெலியவில்லை, இன்னும் ஊதியது. ஒரு கைப்பிடிச் சோற்றில் எப்படி ஊதும்? தூக்கிப் பார்க்கும்போதுதான் எனக்கு உறைத்தது. வாசற்படி ஓரத்தில் கருவாட்டு முள், ரொட்டித் துண்டு, பால்மா கரைத்த தேங்காய்ச் சிரட்டை. விறகுக்குப் போகிறேன், ஆட்டைப் பார்க்கப் போகிறேன் என்று ஆளாளுக்குச் சொன்னதெல்லாம் இதற்குத்தான். ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர், எட்டு வீடும் இங்கே வந்து போய்க்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம் சிரட்டைக்குப் பக்கத்தில் அவித்த முட்டையின் மஞ்சள் கருவைப் பார்த்தேன். தொழிற்சாலையில் முட்டை பிள்ளைகளுக்கு மட்டும்தான். வெள்ளையைத் தின்றுவிட்டு மஞ்சளை ஒதுக்குகிற பிள்ளை எனக்குத் தெரிந்து ஒன்றுதான். பூனையைக் கீழே விட்டுவிட்டேன்.

சாயங்காலம் மகளிடம் கேட்டேன். “முட்ட சாப்பிட்டியா?”

“ஆமாம்மா, முழுசா.”

என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள். பொய் சொல்ல எங்கே படித்தாள் என்று நான் யாரிடம் போய்க் கேட்பது?

மறுநாள் பசறை டவுனிலிருந்து பள்ளிக்கூட பஸ் வருகிற நேரத்துக்கு மேலே போய், கடைசி வீட்டுச் சுவர் மறைவில் நின்றேன். தூறிக்கொண்டிருந்தது. வெள்ளைச் சட்டையோடு, காலிலிருந்து கழற்றிய சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் ஏறி வந்தாள். வெடிப்பு இப்போது ஒரு முழ அகலம். நின்று பார்க்கவில்லை, யோசிக்கவில்லை, பழகின ஆள் மாதிரித் தாண்டி வந்து பூனையைத் தூக்கிக்கொண்டாள்.

கையை ஓங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அடிக்க முடியவில்லை, குரல்தான் வந்தது.

“எத்தன தடவ சொன்னேன்! மண்ணு எந்த நேரம் எறங்கும்னு தெரியுமா ஒனக்கு?”

அவள் பயப்படவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“ஒன்னும் ஆகாதும்மா. ஒங்க செருப்புத் தடம் சேத்துல தெரியுது தானே. அதுலயே தான் தெனமும் கால வச்சு வாறேன்.”

தூறல் கனத்தது. வெடிப்புக்குள் தண்ணீரின் சத்தம் கூடிக்கொண்டே போனது. பூனையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மகளின் கையை இறுக்கிப் பிடித்தபடி வெடிப்பின் விளிம்பில் நின்றேன். அவள் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலை எங்கே எடுத்து வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.