யூலை மாதத்துச் சமையற்காரர்

ஒரு கையில் தண்ணீர் நிறைத்த கேத்தில், மறு கையில் நெருப்புப்பெட்டி. தவரத்தினம் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு கதவையே பார்க்கிறார். ஆரோ வரவேண்டும், வந்தால்தான் தேத்தண்ணீர் என்பதுபோல ஒரு நிற்பு. ரூ லூயி-பிளாங் தெருவில், ஐந்தாம் மாடியில், ஞாயிற்றுக்கிழமை காலையில், அந்தச் சின்னச் சமையலறைக்குள் வரக்கூடிய ஒரே ஆள் அவருடைய மனைவி சாரதாதேவிதான். அவரும் வந்துவிட்டார்.

“இஞ்சேருங்கோ, உங்களுக்கென்ன விசரே? கொளுத்துங்கோவன்!”

“ஓ… இது வீடெல்லே,” என்று தவரத்தினம் அசடு வழிந்துகொண்டு குச்சியை உரசுகிறார்.

யூலை மாதம் பிறந்தால் இந்தக் கூத்துத்தான். மற்றப் பதினொரு மாதமும் மனிதர் ஓர் உணவகத்தில் பிளோஞ் வேலை செய்கிறார், அதாவது சட்டிபானை கழுவுகிறார். ஏழு வருடமாகக் கழுவுகிறார். அங்கே சமைக்கிற பெடியன் நேற்று வந்தவன். பருப்பை அடிப்பிடிக்க விட்டுவிட்டு அந்தச் சட்டியையும் இவரிடமே தள்ளிவிடுவான். “தீயைக் குறையடா தம்பி” என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தார். “அண்ணை, நீங்கள் உங்கட பக்கத்தைப் பாருங்கோ” என்று பதில் வந்தது. அன்று பின்னேரம் முழுக்க அவர் சட்டிகளைத் தேய்த்த தேய்ப்பில் இரண்டுக்குப் பிடி கழன்றுவிட்டது.

யூலையில் மட்டும் நிலைமை வேறு. கால்வாயைத் தாண்டிப் பத்து நிமிடம் நடந்தால் யூதச் சங்கம் ஒன்றின் பழைய கட்டடம் இருக்கிறது. கடற்கரைக்கும் மலைக்கும் போக வசதிப்படாத தொண்ணூறு பிள்ளைகளுக்கு அங்கே மாதம் முழுவதும் பகல்நேரக் கோடை முகாம். அந்த முகாமின் அடுப்படிக்குத் தவரத்தினம்தான் ஷெஃப். ஓம், ஷெஃப்! அந்த முகாமில் பரிமாறுகிற மர்கரீத் அக்காதான் அவரை முதலில் கூட்டிக்கொண்டு போனவர். புதுச்சேரிக்காரி, அறுபது வயது, மாதாகோயிலுக்குத் தவறாதவர், பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர். ‘சட்டி கழுவுற ஆளு ஒருத்தர் வேணுமாம்’ என்றுதான் கூட்டிப்போனார். முதல் வாரமே சமையற்காரர் கோபித்துக்கொண்டு போய்விட, அகப்பை தவரத்தினத்தின் கைக்கு வந்தது. இது மூன்றாவது யூலை. அந்த ஒரு மாதத்தை வைத்துத்தான் அவர் மற்றப் பதினொன்றையும் ஓட்டுகிறார் என்பது சாரதாதேவிக்கு நன்றாகத் தெரியும்.

அந்த அடுப்படியில் எல்லாம் அவர் இஷ்டமா என்றால், இல்லை. அங்கே மெசியே ஸெய்தூன் இருக்கிறார். துனிசியாவில் பிறந்த யூதர், தும்மினால் முற்றத்தில் புறா பறக்கும், அப்படி ஒரு குரல். சமையலில் மத விதி பிசகாமல் பார்ப்பது அவர் பொறுப்பு. அடுப்பை மூட்டிச் சட்டியை ஏற்றிவைப்பது யூதர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். அதுதான் தவரத்தினம் நெருப்புப்பெட்டியோடு காத்து நின்று பழகிப்போனது. இறைச்சிக்குச் சிவப்புப் பிடி போட்ட சட்டி, பாலுக்கு நீலம், இரண்டும் இல்லாத மரக்கறி, பழம், சோற்றுக்குப் பச்சை. இறைச்சி தின்ற வாயால் அடுத்த ஆறு மணி நேரத்துக்குப் பாலைத் தொடக்கூடாது. முந்தைய சமையற்காரருக்கு இதுதான் தலைவலி. தவரத்தினத்துக்கோ முதல்நாளே பிடிபட்டுவிட்டது.

“இதென்ன புதினமே அக்கா? எங்கட வீட்டிலையும் மீன் இறைச்சிக்கு மச்சச் சட்டி வேறை, மரக்கறிச் சட்டி வேறை. மாறினால் அம்மா சட்டியையும் எறிஞ்சு என்னையும் எறிவா.”

மர்கரீத் அக்கா இதை மொழிபெயர்த்ததும் ஸெய்தூன் முதன்முறையாகச் சிரித்தார். ஸெய்தூன் சலாட் இலை ஒவ்வொன்றையும் யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் புழு பார்ப்பதும், ஒவ்வொரு முட்டையையும் கிளாஸில் உடைத்து இரத்தப்பொட்டுத் தேடுவதும் தவரத்தினத்துக்குப் பிடித்துப் போயிற்று. “புழுப் பாக்கிற மனுசன் பிழையான மனுசனாய் இருக்கமாட்டார்” என்பது அவர் தீர்ப்பு.

வெள்ளிக்கிழமைகளில்தான் வேடிக்கை. பிள்ளைகள் மாலையில் ஓய்வுநாள் தொடங்க முதலே வீட்டுக்குப் போய்விட வேண்டும், அதனால் மதியச் சாப்பாடு விருந்துபோல இருக்கும், கோழி கட்டாயம். தவரத்தினம் வெள்ளிக்கிழமை மச்சம் தொடமாட்டார். உப்பு, உறைப்பு எதுவும் நாக்கில் வைத்துப் பார்க்காமல், சட்டிக்கு மேல் குனிந்து மூக்கால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, “இன்னும் ஒரு கை உப்பு” என்பார். ஸெய்தூன் ருசி பார்ப்பார். சரியாக இருக்கும். துனிசியக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உறைப்புக் காணாது, போலந்துப் பக்கத்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மிளகு கண்ணில் பட்டாலே மூக்கு ஓடும். இரண்டு கட்சிக்கும் இரண்டு கோழிக்குழம்பு. சாப்பிட்டு முடிந்ததும் தொண்ணூறு பேரும் மேசையில் அடித்துக்கொண்டு பாடுகிற நன்றிப்பாட்டு தவரத்தினத்துக்கு மனப்பாடம். பங்குனி மாதத்தில் அதை முணுமுணுத்துக்கொண்டு சட்டி தேய்ப்பார். பக்கத்தில் நிற்கிறவன் அதை ஏதோ முருகன் பாட்டென்று நினைத்துக்கொண்டு தானும் சேர்ந்து தலையாட்டுவான்.

இந்த வருடம், எண்பத்தேழில், முகாமின் கடைசி வெள்ளிக்கிழமை வந்தது. பிள்ளைகளுக்குத் தன் கையால் ஏதாவது இனிப்புக் கொடுக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு ஆசை. பாயாசம்! பசுப்பால் கூடாது, கோழிக்குப் பின்னால் வருகிறது. அதனாலென்ன, பசுப்பாலில் ஆர் பாயாசம் கேட்டது? வியாழன் பின்னேரம் ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருக் கடையொன்றில் பதின்மூன்று தேங்காய் வாங்கினார். பன்னிரண்டு பாயாசத்துக்கு, ஒன்று பிள்ளையாருக்கு. மாதம் நல்லபடி முடிந்ததற்கு வேலை விட்டுப் போகும் வழியில் கோயிலில் உடைக்க. அந்த ஒன்றை மட்டும் காதோடு வைத்துக் குலுக்கிக் குலுக்கிக் கடைக்காரருக்கு எரிச்சல் வரும்வரை தெரிந்தெடுத்தார்.

எதையும் ஸெய்தூனுக்குக் காட்டாமல் அடுப்படிக்குள் கொண்டுபோகக்கூடாது என்பது விதி. காட்டினார். ஸெய்தூன் தேங்காய்களைத் தட்டிப் பார்த்து, பழம்தானே, கொண்டுபோ என்றுவிட்டார். வீட்டில் தேங்காய் துருவுகிற திருவலையைக்கூட, விதிக்குப் பயந்து, தவரத்தினம் கொண்டுவரவில்லை. முகாமின் பச்சைப்பிடிக் கத்தியால் துண்டு துண்டாகத் தோண்டி, முகாமின் அரைக்கும் பொறியிலேயே அரைத்து, புதுத் துணியில் பிழிந்தார். ஸெய்தூன் வந்து அடுப்பை மூட்டி, அரிசி வேகப் பச்சைச் சட்டியை ஏற்றிவிட்டு முட்டை உடைக்கப் போனார். சிரட்டையும் சக்கையும் அடுப்படியில் கிடந்தால் தவரத்தினத்துக்குக் கண்ணைக் குத்தும். உடனேயே கட்டிக் குப்பைக்குக் கொடுத்துவிட்டார். காலையில் வந்த லொறி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போயிற்று. அரிசி வெந்ததும் பாலை ஊற்றினார்.

அவர் செய்யாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். தேங்காயில் பால் வரும் என்று ஸெய்தூனுக்குச் சொல்லவில்லை. தண்ணீர் நனைக்கும் என்று ஆரும் ஆருக்கும் சொல்வார்களா?

கோழி முடிந்தது. பிள்ளைகள் மேசையில் தாளம் தட்டத் தொடங்கிவிட்டார்கள். தவரத்தினமும் மர்கரீத் அக்காவும் பாயாசச் சட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு சாப்பாட்டு மண்டப வாசலுக்கு வந்தார்கள். ஸெய்தூன் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். வெள்ளையாக, தளதளவென்று, ஆவி பறந்தது.

“நோன்!”

தாளம் நின்றது. தொண்ணூறு முகம் வாசலைப் பார்த்தது. ஸெய்தூன் இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்துக்கொண்டு பிரெஞ்சில் பொரிந்து தள்ளினார். மர்கரீத் அக்காவுக்கு மொழிபெயர்க்கவே மூச்சு வாங்கியது.

“தம்பி, பாலுன்னு சொல்றாரு. பச்சைச் சட்டியில பால ஊத்திட்டியாம். கோழி சாப்புட்ட புள்ளைங்களுக்குப் பால் குடுக்க வந்தியான்னு கேக்குறாரு. சட்டியெல்லாம் போச்சாம். இனிமே உன்ன அடுப்படிக்கு விட்டா அவரு விலகிடுவாராம்.”

“ஐயோ அக்கா, அது தேங்காய்ப்பாலெண்டு சொல்லுங்கோ!”

சொன்னார். ஸெய்தூனுக்குத் தேங்காய் என்றால் கேக்கின் மேல் தூவுகிற காய்ந்த துருவல்தான் தெரியும். அதிலிருந்து இவ்வளவு வெள்ளையாய் ஒரு சட்டி நிறைய வருமென்று அவர் கனவிலும் கண்டதில்லை. சிரட்டை எங்கே, சக்கை எங்கே என்று கேட்டார். லொறியில். ருசி பாருங்கோ என்றால் அதுவும் முடியாது. அவரும் கோழி சாப்பிட்டவர், பாலாக இருந்துவிட்டால் அவர் கதி என்ன? மர்கரீத் அக்கா ஒரு கரண்டி அள்ளிக் குடித்துவிட்டுச் சத்தியம் பண்ணத் தயாராக நின்றார். வேலை வாங்கிக் கொடுத்தவரே சாட்சியா என்று ஸெய்தூன் தலையை ஆட்டிவிட்டார்.

 இந்த ஒரு மாதமும் போனால் வருடம் பன்னிரண்டு மாதமும் அந்தப் பெடியனின் அடிப்பிடித்த சட்டிதான். தவரத்தினத்துக்கு அழுகை வந்தது. தொண்ணூறு பிள்ளைகளுக்கு முன்னால் அழவும் வெட்கமாக இருந்தது. ‘சனியன், குப்பையை ஒரு மணித்தியாலம் பிந்திக் கட்டியிருந்தால் என்ன?’ என்று தன்னையே திட்டிக்கொண்டார். அப்போதுதான் கோட்டுக் கொழுவியிருந்த இடத்தில் பையோடு தொங்கிக்கொண்டிருந்த பிள்ளையாரின் தேங்காய் ஞாபகம் வந்தது.

ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்தார். ஸெய்தூனின் கையைப் பிடித்து, ஓம், கையைப் பிடித்தே, முற்றத்துக் கல்லுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனார். பிள்ளைகள் யன்னல்களில் குவிந்தார்கள். தேங்காய் அழுகலாய் இருந்தால் கதை முடிந்தது. கண்ணை மூடினார்.

“பிள்ளையாரே, உமக்கு வைச்சதை இவருக்கு உடைக்கிறன். குறை நினையாதையும்.”

ஒரே போடு. நடுவால் இரண்டாகப் பிளந்தது, பளீரென்று வெள்ளை. பிள்ளைகள் கைதட்டினார்கள். தண்ணீர் ஸெய்தூனின் கால் சப்பாத்தில் தெறித்ததை அவர் கவனிக்கவில்லை. தவரத்தினம் அவரை அடுப்படிக்குக் கூட்டிவந்து, ஒரு பாதியைத் தோண்டிப் பொறியில் போட்டு அரைத்து, துணியில் கட்டி, “கையை நீட்டுங்கோ” என்றார். மர்கரீத் அக்கா மொழிபெயர்க்க முன்னமே ஸெய்தூன் உள்ளங்கையை ஏந்திவிட்டார். தவரத்தினம் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். கெட்டியாக, வெள்ளையாக, உள்ளங்கை நிறைய வழிந்தது.

ஸெய்தூன் அதைப் பார்த்தார், மணந்தார், நாக்கை நீட்டி நக்கினார். பிறகு மீதிப் பாதியைக் கையில் எடுத்து உள்ளும் புறமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த வயதில் ஒரு மனிதர் அப்படி வாயைத் திறந்துகொண்டு நிற்பதை முகாமில் ஆரும் பார்த்ததில்லை.

“மன்னிச்சுக்கன்னு சொல்றாரு தம்பி,” என்றார் மர்கரீத் அக்கா. “ஆனா ஒண்ணு. இதப் பாக்குறவங்க பாலுன்னுதான் நெனப்பாங்களாம். புள்ளைங்க வீட்டுல போயி கோழிக்கு மேல பால் குடிச்சோம்னு சொல்லுமாம். வாதுமைப் பால் வெச்சா பக்கத்துல வாதுமைக் கொட்டையும் வெக்கணும்னு அவங்க சட்டமே இருக்குதாம். அந்த மாதிரி, தேங்காயக் காட்டிட்டுத்தான் ஊத்தணுமாம்.”

“காட்டுவம்! ஆர் வேண்டாமெண்டது?”

மேசை ஒன்பது, தேங்காய் அரைவாசி. ஸெய்தூனே அதை ஒரு தட்டில் ஏந்திக்கொண்டு முன்னால் நடந்தார். ஒவ்வொரு மேசையிலும் தட்டை உயர்த்திப் பிடித்து, அந்தக் குரலில் ஒரு விளக்கம் கொடுத்து, பிள்ளைகள் எட்டிப் பார்த்துத் தலையாட்டிய பின்புதான் அடுத்த மேசை. பின்னால் தவரத்தினம் அகப்பையோடு. தீபம் காட்டி முடிந்து பிரசாதம் வருகிற ஒழுங்குதான். உறைப்புக் கட்சியும் உறைப்பில்லாக் கட்சியும் அன்றைக்கு ஒரே சட்டியில் சாப்பிட்டு, இரண்டாந்தரமும் கேட்டு, அடியில் ஒட்டியிருந்ததற்குச் சண்டை பிடித்தார்கள். ஏலக்காய் போடாத பாயாசம் என்ற கவலை தவரத்தினத்துக்கு மட்டும்தான்.

பிள்ளைகள் போனபின் ஸெய்தூன் அடுப்படிக்கு வந்தார். சட்டைப்பையிலிருந்து அடுத்த யூலைக்கு வாங்கவேண்டிய சாமான் பட்டியலை எடுத்து, பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு ஏதோ கேட்டார்.

“எத்தினி தேங்கா எழுதறதுன்னு கேக்குறாரு,” என்றார் மர்கரீத் அக்கா. “அடுத்த வருசத்துக்கு.”

தவரத்தினம் அகப்பையைக் கீழே வைத்தார்.   இரண்டு கையையும் உயர்த்திப் பத்து விரலையும் விரித்துக் காட்டினார். ஸெய்தூன் எழுதினார். விரல்கள் மூடித் திரும்ப விரிந்தன. ஸெய்தூன் அடித்துவிட்டுத் திரும்ப எழுதினார். விரல்கள் இன்னும் மூடி மூடி விரிந்துகொண்டே இருந்தன.