நாலடி நடந்தவள்

கும்மிடிப்பூண்டி இரும்பாலையில் பதினோரு வருஷமாக ஒப்பந்தக் கூலியாகத் துண்டுக்கம்பி பொறுக்கும் கன்னியம்மாவுக்குக் கணுக்கால் பிசகி, புஸ்ஸென்று வீங்கியது. ஆலையின் பிசியோதெரபிஸ்ட் எட்வர்ட் எழுந்துகூட வரவில்லை. எக்ஸ்ரே வேண்டுமா என்று முடிவுசெய்யும் விதி அவன் முதுகுக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொங்கியது: எலும்பை அழுத்தினால் வலிக்கிறதா, நாலடி நடக்க முடிகிறதா, இரண்டையும் பார்க்க வேண்டும். துருத்தூசி படிந்த காலைத் தொட அந்த மகராசனுக்கு மனம் வரவில்லை.

“நாலடி நடம்மா.”

வாசலில் சூப்பர்வைசர் நின்றிருந்தார். வேலை போய்விடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

“எலும்பு முறியல. எக்ஸ்ரே வேணாம்.”

மறுவாரம் மாவுக்கட்டோடு வந்தவளிடம், “அன்னிக்கு நல்லாத்தானேம்மா நடந்தே?” என்றான்.

“ஆஸ்பத்திரி டாக்டரு ஒரு விரலால அழுத்துனாரு, அலறிட்டேன். உனுக்கு இன்னா சார், கை ஒடஞ்சிகீதா?”