உள்ளங்கையில் இருந்த குறடு

நாட்டின் தலைநகரில், ஆர்.கே.புரத்தில் ஒரு டிஸ்பென்சரியில் பதினோரு வருடம் பல் பிடுங்கிய பிறகு, எண்பதுகளின் தொடக்கத்தில் பல் மருத்துவ மேற்படிப்பான எம்.டி.எஸ். சீட்டுக்கு விண்ணப்பித்தேன். சொத்தைப் பல்லைப் பிடுங்காமல் காப்பாற்றும் பிரிவுதான் வேண்டும் என்று பிடிவாதமாக எழுதியிருந்தேன். டிஸ்பென்சரியில் அதற்கெல்லாம் ஏது நேரம்? வரிசை வாசல்வரை நிற்கும்.

சேர்க்கைக்கான செய்முறைத் தேர்வில், காக்கிச் சட்டை போட்ட பஸ் கண்டக்டர் ஒருவர் கன்னத்தைப் பிடித்தபடி நாற்காலியில் சாய்ந்திருந்தார். தேர்வாளர் என்னைவிட இளையவர். அந்த எரிச்சலை விழுங்கிக்கொண்டு, வேரைச் சுத்தம் செய்து அடைத்தால் இந்தப் பல் பிழைக்கும் என்று படிப்படியாக விளக்கினேன். ஒரு படிகூடத் தவறவில்லை.

"அச்சா மேடம். வலது கையில என்ன?" என்றார் தேர்வாளர்.

கையை விரித்தேன். பல் பிடுங்கும் குறடு. நோயாளி மிரண்டுவிடாமலிருக்க அதை உள்ளங்கையில் மறைத்துக்கொள்வது டிஸ்பென்சரிப் பழக்கம். கருவித் தட்டிலிருந்து எப்போது எடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

"பல்லைக் காப்பாத்தணும்னீங்க. இது எதுக்கு?"

பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள், கண்டக்டர் தன் வாயை இறுக மூடிக்கொண்டார்.