அஸ்திப் பெட்டியோடு வந்த பில்டர்

அத்தானின் அஸ்தியைக் கீரிமலையில் கரைத்த காலையில் கடற்கரையில் நின்றவர்கள் ஐந்து பேர்: அக்கா, அப்பா, அம்மா, நான், மந்திரம் சொன்ன ஐயர். நின்றிருக்க வேண்டிய இரண்டு பேர் இல்லை. அத்தானின் மகனுக்கு ஜெர்மனியில் தொழிற்பயிற்சியில் லீவு கொடுக்கவில்லை. அத்தானின் தமையன் கொழும்பு வரை வந்து, அங்கிருந்தே திரும்பிவிட்டார். ஏன் என்று அக்காவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மகன் இல்லாதபடியால் நான்தான் அஸ்தி வைத்த மண்முட்டியைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கினேன். விட்டபிறகு திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும் என்று ஐயர் சொல்லியிருந்தார். பாசியில் கால் வழுக்கியபோது நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். இப்படியானதையெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அக்கா என்றால் என் பெரியப்பாவின் மகள். கலியாணம் முடித்து ஜெர்மனிக்குப் போனவர். அத்தான் அங்கே முதலில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவி, பிறகு பழைய மின்னிசைக் கருவிகள் திருத்தும் ஒரு பட்டறையில் சேர்ந்து, சாகும்வரை அங்கேயே வேலை செய்தார். இங்கே அச்சுவேலிப் பக்கம் எங்கள் வளவுக்கு அடுத்த வளவில் அக்காவின் சீதன வீடு நிற்கிறது. இடம்பெயர்ந்த காலத்தில் கூரை போனது. நாலு சுவரும் அப்படியே நிற்க, உள்ளே விளாத்தி மரம் முளைத்து, அதுவும் காய்த்துக்கொண்டிருந்தது. அக்கா இந்தமுறை வந்தது இரண்டு காரியத்துக்காக. ஒன்று, அஸ்தி. மற்றது, அந்த வீட்டுக்குக் கூரை. ஜெர்மனியில் தனியாக இருக்க அவரால் முடியவில்லை. கூரை போட்டால் வந்துவிடுவார். போடாவிட்டால் வருவதற்கு ஒரு இடமில்லை.

கூரைக்கான காசு அவருடைய சூட்கேசுக்குள் இருந்தது. காசாக அல்ல. ஒரு கறுத்த உலோகப் பலகை, ஏறக்குறைய ஒரு பாடப் புத்தகத்தின் அளவு; முகத்தில் ஏழு திருகு குமிழ், கீழே இரண்டு வரிசையில் வயர் செருகும் துளைகள், பின்பக்கம் மூடியில்லாமல் தெரியும் சர்க்கியூட். மொடியூலர் சின்தசைசர் என்ற கருவியின் ஒரு துண்டு அது. அந்தக் கருவியில் ஒலி எழுப்ப ஒரு பெட்டி, அதைச் சீவ ஒரு பெட்டி, ஆட்டிவைக்க ஒரு பெட்டி என்று தனித்தனியாக இருக்கும். வயரால் தொடுத்தால்தான் சத்தம் வரும். இது சீவுகிற பெட்டி, பில்டர். அதன் நடுவில் இருக்கிற சிப்பை நான் பிறப்பதற்கு முன்னமே செய்வதை நிறுத்திவிட்டார்கள். அத்தான் சேர்த்த மற்ற மொடியூல்கள் எல்லாம் மருத்துவச் செலவுக்குப் போய், இது ஒன்றுதான் மிஞ்சியது. அங்கே ஒருவர் நாலாயிரத்து இருநூறு யூரோவுக்குக் கேட்டு, அக்காவும் சம்மதித்திருந்தார்.

அதை ஏன் இங்கே கொண்டுவந்தார் என்றால், நான் கேட்டதால்தான்.

எனக்கு வேலை, இந்தக் கருவிகளின் சாயலைக் கணினிக்குள் செய்வது. திரையில் பெட்டிகள் வரும். மவுசால் வயர் இழுத்துத் தொடுக்கலாம். ஒன்றும் எரியாது, ஒன்றும் உடையாது. அப்படியொரு மென்பொருளுக்கு நான் எழுதிக் கொடுத்த பெட்டிகள் சிலவற்றை வெளிநாட்டில் ஆட்கள் காசு கொடுத்து வாங்கியிருந்தார்கள். ஆனால் எல்லாரும் எழுதுகிற குறை ஒன்று இருந்தது. சத்தம் மிகவும் சரியாக இருக்கிறதாம். பழைய அனலொக் சாமான்கள் சூட்டுக்குக் கொஞ்சம் விலகும், தள்ளாடும். அந்தத் தள்ளாட்டம் இதில் இல்லையாம். அசல் சாமான் ஒன்றைப் பத்து நாள் கையில் வைத்து அளந்தால் அதைப் பிடித்துவிடுவேன் என்று அக்காவுக்கு எழுதினேன்.

"அத்தான் உயிரோடை இருக்கேக்கை உதிலை தூசு தட்டவும் விடமாட்டார்," என்றார் அக்கா, அதைத் துவாயிலிருந்து பிரித்து என் மேசையில் வைக்கும்போது. "என்னைக் கட்டினதுக்கு உதைக் கட்டியிருக்கலாம் எண்டு ஏசுவன். கவனமடா தம்பி. உதுதான் என்ரை ஓடும் தீராந்தியும்."

அம்மா வாசலில் நின்றே பார்த்தார். "உந்தத் துவாய்க்குப் பக்கத்திலையோ பிள்ளை அவரின்ரை அஸ்திப் பெட்டியும் இருந்தது?"

"ஓம் சின்னம்மா. ஒரே சூட்கேசுக்குள்ளைதான். கையிலை கொண்டுபோற பாக்கிலை வைக்க விடேல்லை."

அம்மா வாசற்படியைத் தாண்டாமலே குசினிக்குத் திரும்பினார். அதுதான் எனக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும்.

இது அஸ்தி கரைப்பதற்கு முதல்நாள். அடுத்தநாள் கீரிமலையில் அம்மா ஒரு வெறும் சோடாப் போத்தலை அப்பாவிடம் கொடுத்து, அங்குள்ள நன்னீர்க் கேணியில் தீர்த்தம் எடுத்து வரச் சொன்னார். கேணியை இறைத்துத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார்கள். அப்பா படியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கடலுக்குப் போய், நான் இறங்கிய இடத்திலேயே போத்தலை அமுக்கினார். நான் தலை துடைத்துக்கொண்டு அதைப் பார்த்தேன். தீர்த்தம் எதற்கு என்று கேட்கவில்லை. வீட்டுக்குத் தெளிக்கத்தானே என்று நினைத்தேன். அப்பாவும் அது கடல்தண்ணீர் என்று அம்மாவிடம் சொல்லவில்லை. அவருக்கு இரண்டும் கீரிமலைத் தண்ணீர்தான்.

அதற்கு அடுத்தநாள் நான் ஒரு வயர் வாங்க யாழ்ப்பாணம் பஸ் ஏறினேன். திரும்பி வந்தபோது பில்டரின் நெற்றியில் சந்தனப் பொட்டு இருந்தது. அதற்கு மேல் குங்குமம். மேசைத் துணியில் மஞ்சள் திட்டுகள்.

"அம்மா, என்ன செய்தனீங்கள்?"

"என்ன செய்தனான்? சாவுத் துடக்குக் கழிச்சனான். செத்த மனுசன்ரை சாம்பலோடை வந்த சாமான். அறைக்குள்ளை வைச்சு நீ படுத்தெழும்புறாய்."

"முப்பத்தொண்டாம் நாள் காரியமும் முடிஞ்சுது தானே?" என்றார் வெளியிலிருந்து அப்பா. "ஆளுக்குத்தான் துடக்கு. இரும்புக்கென்னப்பா துடக்கு?"

"நீங்கள் பேசாமல் இருங்கோ. புது மோட்டர் சைக்கிளுக்குத் தேங்காய் உடைச்சது ஆர்? அது இரும்பில்லாமல் என்ன, வாழைப்பழமோ?"

"தண்ணியும் தெளிச்சனீங்களோ?" என்று கேட்டேன்.

"ரெண்டு துளி. மஞ்சள் கரைச்சு. வயர் கழட்டித்தானே கிடந்தது."

கரண்ட் இல்லாத நேரத்தில் தண்ணீர் பட்டால் காய்ந்துவிடும் என்பது நான் படித்தது. அது நல்ல தண்ணீருக்கு. என்ன தண்ணீர் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அம்மாவைச் சந்தேகப்படுவதுபோல இருக்கும் என்று விட்டேன். பொட்டைத் துடைத்து, ஒரு நாள் முழுக்க ஃபானுக்குக் கீழே வைத்தேன். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஈரம் இல்லை. ஆனால் முகத்தை மேலே பார்க்க வைத்தபடிதான் அது கிடந்தது. துளிகள் துளைகளுக்குள்ளால் இறங்கி, பலகைக்கும் சர்க்கியூட்டுக்கும் இடையில் தங்கியிருக்கும். அந்த இடைவெளியைப் பார்க்க நாலு ஸ்க்ரூ கழற்ற வேண்டும். அத்தான் பூட்டிய ஸ்க்ரூவைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை.

முதலிரண்டு நாள் அது ஒழுங்காக வேலை செய்தது. மூன்றாம் நாள் தள்ளாடத் தொடங்கியது.

அந்தச் சந்தோசத்தை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஒரு குமிழைக் கடைசிவரை திருகினால் பில்டர் தானாகவே ஒரு சுரம் எழுப்பும்; அப்படி ஒரே சுரத்தில் விட்டால், அது மெதுவாகக் கீழே சரிந்து, எதையோ நினைத்துக்கொண்டதுபோல நின்று, மறுபடி ஏறியது. ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி. வெயில் ஏற ஏறக் கூடியது. இதைத்தானே எல்லாரும் கேட்டார்கள் என்று நினைத்தேன். காலையிலிருந்து பின்னேரம் வரை அதை ஓடவிட்டு, சவுண்ட் கார்ட் வழியாகக் கணினிக்குள் பதிந்துகொண்டே இருந்தேன். எந்த நேரத்தில் எவ்வளவு விலகுகிறது என்று கோடு கீறினேன். நாளுக்கு நாள் கோடு பெரிதாக அலைந்தது. பழைய சாமான் நல்லாகச் சூடு பிடித்துக்கொள்கிறது என்று கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். என் கையெழுத்துத்தான்.

ஐந்தாம் நாள் மத்தியானம் அதன் சத்தம் அடிக்குரலில் இறங்கி, ஒரே இரைச்சலாக, எங்கிருந்து வருகிறதென்று தெரியாதபடி வீடு முழுக்க நின்றது. அம்மா குசினியிலிருந்து மா பிசைந்த கையோடு வந்தார். வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. முகட்டைப் பார்த்தார்.

"உதை நிப்பாட்டு."

"ஏன் அம்மா?"

"வண்டுச் சத்தம். நிப்பாட்டெண்டால் நிப்பாட்டு."

சண்டைக் காலத்தில் ஆளில்லாமல் மேலே சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிற விமானத்தை இங்கே வண்டு என்பார்கள். அது போன பிறகுதான் குண்டு போடுகிற மற்றது வரும். எனக்கு அது கதையாகத்தான் தெரியும். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிந்தேன்.

அக்கா தினமும் பின்னேரம் வந்து எட்டிப் பார்ப்பார். மேசனோடு பேசி, ஓடு பார்த்து, கூரை தாங்கும் தீராந்தி மரத்துக்கு அளவு கொடுத்துவிட்டு வருவார். வேலையாட்கள் விளாத்தியைத் தறித்து, சுவர் மட்டத்தைச் சரிசெய்து முடித்திருந்தார்கள். ஏழாம் நாள் அவர் ஹெட்போனை வாங்கிக் கேட்டார். நெடுநேரம் கழற்றவில்லை.

"இது இப்பிடி அழாது," என்றார்.

"பழைய சாமான் அக்கா. எங்கடை வெக்கைக்கு அப்பிடித்தான்."

"இருபது வரியமாய்க் கேட்டனான் தம்பி. ஒரு சுவருக்கு அங்காலை படுத்துக்கொண்டு கேட்டனான். இது இப்பிடி அழாது."

நான் எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். சூட்டுக்கு டிரான்சிஸ்டர் எப்படி மாறும், கப்பாசிட்டர் எப்படி முதுமை அடையும் என்று. நான் படித்தவன், அக்கா ஓ.எல். சோதனை எழுத முன்னமே இடம்பெயர்ந்தவர். தலையாட்டிவிட்டுப் போனார். அன்றைக்கே ஸ்க்ரூவைக் கழற்றியிருந்தால் சிப் தப்பியிருக்கும் என்று பிறகு ஒருவர் சொன்னார்.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு வாங்குகிறவர் வீடியோவில் வந்தார். அக்கா பயணப்படுமுன் சாமான் ஓடுவதைக் காட்ட வேண்டும் என்பது பேச்சு. அக்கா போனைப் பிடித்திருந்தார். நான் வயரைச் செருகி, சுவிட்சைப் போட்டேன். கொஞ்ச நேரம் ஒரு மெல்லிய கீச்சுக் குரல். பிறகு அதுவும் இல்லை. குமிழ்களை ஒவ்வொன்றாகத் திருகினேன். எதைத் திருகினாலும் ஒரே உறுமல், கரண்டின் வெறும் உறுமல். போனில் அந்த மனுசன் ஜெர்மனில் ஏதோ கேட்டார்.

"என்னவாம்?"

"பலகையைக் கழட்டி உள்ளை காட்டட்டாம்," என்றார் அக்கா.

நாலு ஸ்க்ரூவும் எளிதில் வந்தன. உள்ளே பச்சை பூத்திருந்தது. துளைகளுக்கு நேர் கீழே, சிப்பைச் சுற்றி, செப்புக் கோடுகள் தின்னப்பட்டு இடையிடையே இல்லாமலே போயிருந்தன. ஓரங்களில் வெள்ளையாகப் பொருக்கு. அப்பா என் தோளுக்கு மேலால் எட்டி, ஒரு விரலால் அந்த வெள்ளையைத் தொட்டு நாக்கில் வைத்தார். வைத்த விரலை எடுக்காமல் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அந்தப் போத்தல் தெரிந்தது. உப்புக்குள் கரண்ட் ஓடினால் செப்பு கரையும். அந்தக் கரண்டை நாள் முழுக்க ஓட விட்டவன் நான். நான் ஒரு வாரம் கோடு கீறிப் பதிந்தது அது சாகிறதை.

அக்கா போனை அணைத்தார்.

"என்னப்பா, என்ன?" என்றார் அம்மா பின்னாலிருந்து.

"வெக்கைக்குக் கருகிப்போச்சாம்," என்றார் அப்பா.

"நான் சொன்னனான், அது நல்ல சாமான் இல்லை. தெளிச்சபடியால் அதோடை போச்சு. இல்லாட்டி வீட்டிலை ஆரையாவது பலி வாங்கியிருக்கும்."

அக்கா எழும்பி அம்மாவின் தோளைத் தொட்டு, "ஓம் சின்னம்மா," என்றார். அவருக்கும் விளங்கியிருந்தது.

வெளியே வந்தபிறகுதான் அப்பா பேசினார். "பிள்ளை, மேசனை நிப்பாட்டாதை."

"விடுங்கோ சித்தப்பா. ஒரு அறைக்குத் தகரத்தைப் போட்டிட்டுப் போறன். மிச்சம் பிறகு பாப்பம்."

"தண்ணி மொண்டது நான். பிழை பிடிச்ச சாமானை நிப்பாட்டாமல் வைச்சிருந்தது இவன். நீ ஏன் தகரத்துக்குள்ளை இருக்கவேணும்?"

"அவர் இருந்தால் சிரிப்பார்," என்றார் அக்கா. "என்னைத் தூசு தட்டக்கூட விடேல்லை. கடைசியிலை தன்ரை சாம்பல் கரைஞ்ச தண்ணியிலையே..." அப்படியே வேலிப்பக்கம் போய் நின்றார்.

அக்கா அதைத் திரும்ப ஜெர்மனிக்குக் கொண்டுபோனார். அத்தானோடு வேலை செய்த ஒருவர் பார்த்து, சிப் செத்துவிட்டது, முகப்பும் குமிழ்களும் மட்டும் உதவும் என்றார். வாங்குகிறவர் உதிரிப்பாகமாக ஆயிரத்து முந்நூறு யூரோ கொடுத்தார். அப்பா உழவு மெசினை அச்சுவேலியில் ஒருவருக்கு விற்றார். இந்தப் போகம் வெங்காயத்துக்குக் கூலி மெசின்தான் பிடிக்கிறார். தன் மெசின் பழுது என்று அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறார். நான் என் சேமிப்பை எடுத்து, வேலைக்கென்று வைத்திருந்த இரண்டாவது கணினியையும் விற்றேன். பதிந்ததை வைத்து நான் எழுதிய பில்டர் கணினிக்குள் முடிந்து கிடக்கிறது. தள்ளாட்டம் அச்சொட்டாக வந்திருக்கிறது. அதை வெளியிட எனக்கு மனமில்லை.

கூரை போட்டாயிற்று, ஓட்டுக் கூரைதான். மேசனிடம் நானும் அப்பாவுமாக இரண்டு தவணையில் கொடுத்தது, வாங்குகிறவர் குறைத்த இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் யூரோவுக்குச் சரியாக, பத்து லட்சத்து ஐந்நூறு ரூபாய்.