அப்பா வாடகைக்கு வீடு தேடினார்

என் அப்பாவுக்குச் சந்தேகப்படுவதுதான் வேலை. துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைச் சரிபார்ப்பவர். முப்பது வருஷம் அதையே செய்தவர் வீட்டுக்கு வந்தால் மட்டும் சும்மா இருப்பாரா? பால் பாக்கெட்டை அமுக்கிப் பார்ப்பார். தக்காளியைத் திருப்பிப் பார்ப்பார். அப்புறம் என் முகத்தைப் பார்ப்பார். நான் திருவொற்றியூரிலிருந்து தண்டையார்பேட்டைக்கு, ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் சட்டை தைக்கப் போய்க்கொண்டிருந்தேன். பஸ் லேட் என்று மூன்றாவது நாள் சொன்னபோதே, "யார் அந்தப் பையன்?" என்று கேட்டுவிட்டார்.

நான் மறைக்கவில்லை. ராயபுரத்துக்காரர், எண்ணூரில் ஒரு பட்டறையில் வெல்டர், கட்டினால் அவரைத்தான் கட்டுவேன் என்றேன். அப்பா கத்தவில்லை.

"ஒரு மாசம் டைம் குடு. நான் விசாரிக்கறேன். சரியில்லன்னு சொன்னா நீ அந்தப் பக்கமே திரும்பக் கூடாது. சம்மதமா?"

வீராப்பில் சம்மதம் என்று சொல்லித் தொலைத்தேன்.

மறுநாளே, அப்பா விசாரிக்க வரப்போகிறார் என்று காயின் போனில் பட்டறைக்குக் கூப்பிட்டு அவரிடம் சொன்னேன். நான் செய்த முதல் தப்பு அது. அவர் அதைத் தன் நண்பர்களிடம் சொன்னார். அவர் செய்த தப்பு அது.

அப்பா வாடகைக்கு வீடு தேடுகிறவர் மாதிரி ராயபுரம் போனார். டீக்கடையில் கேட்டார். இஸ்திரி வண்டியில் கேட்டார். சைக்கிள் கடையில் கேட்டார். மூன்று சாயங்காலம் போய்வந்தவர், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"டீக்கடைக்காரன் இன்னா சொன்னான் தெரியுமா? தங்கமான பையன், பீடி சிகரெட்டு கெடையாது, குனிஞ்ச தல நிமிர மாட்டான்னான். சரி. இஸ்திரிக்காரன் இன்னா சொன்னான்? தங்கமான பையன், பீடி சிகரெட்டு கெடையாது, குனிஞ்ச தல நிமிர மாட்டான். சைக்கிள் கடையில நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே தங்கமான பையன்னு ஆரம்பிக்கறான். நைனா, டீ சாப்புடுன்னு வேற உபசாரம்!"

"நல்லதுதானே சொல்லியிருக்காங்க?" என்றேன்.

"கப்பல்ல வர்ற மூட்ட ஒண்ணு கிழிஞ்சிருக்கும், ஒண்ணு ஒழுகியிருக்கும். நூறு மூட்டையும் ஒரே எடை காட்னா எவனோ பிரிச்சித் தெச்சிருக்கான்னு அர்த்தம்."

பாவிகள், வேறு வேறு மாதிரியாவது சொல்லியிருக்கக் கூடாதா? குனிந்த தலை நிமிராதவர், டோல்கேட்டில் கன்டெய்னர் லாரிகள் அடைத்துக்கொண்டு நின்ற நாளில், எதிர் பஸ் ஜன்னலில் இருந்த என்னை எப்படிப் பார்த்தாராம்?

பட்டறைக்குப் போன் போட்டேன். "உங்க ஆளுங்க இன்னா பண்ணி வெச்சிருக்காங்க?"

"நல்லதுதான சொன்னானுங்க. அதுல இன்னா தப்பு?" என்றார்.

"நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல" என்று அவர் சொல்லவில்லை. அந்த நிமிஷத்தில் அப்பாவின் வியாதி எனக்கும் ஒட்டிக்கொண்டது. சந்திக்கும்போதெல்லாம் வாயில் எதற்குப் புதினா மிட்டாய்? சிகரெட்டை மறைக்கிறவர் வேறு எதையெல்லாம் மறைக்கிறார்? தையல் மிஷினில் உட்கார்ந்தால் இதே யோசனை. இரண்டு காலர் தலைகீழாகத் தைத்து சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன்.

மாதம் முடிய நான்கு நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, யாரிடமும் சொல்லாமல் அப்பா நேராக ராயபுரத்தில் அவர் வீட்டுக்கே போயிருக்கிறார். அவருடைய அம்மா வாசலில் அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாராம். வீடு வாடகைக்கு இருக்கிறதா என்று ஆரம்பித்து, மெல்ல மகன் பக்கம் பேச்சைத் திருப்பியிருக்கிறார். அந்த அம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கொட்டித் தீர்த்துவிட்டாராம்.

"அவனா? மாடில ஒளிஞ்சிகினு சிகரெட்டு ஊதுவான். தோஸ்து விசிலடிச்சா பாதி சோத்துல எழுந்து ஓடுவான். கோவம் வந்தா தட்டத் தள்ளிட்டுப் பூடுவான். அப்பால அரமணி கழிச்சி வந்து அதே தட்டுல குந்தித் துன்னுவான். பொங்கலுக்குப் பொங்கல் தண்ணி வேற. சரியான பேஜாரு, சார்!"

அப்பா திரும்பி வந்து என் எதிரே உட்கார்ந்தார். போச்சு, எல்லாம் போச்சு என்றே நினைத்தேன்.

"அடுத்த வாரம் அவங்கள வரச் சொல்லு" என்றார்.

கல்யாணம் நடந்தது. டீக்கடை, இஸ்திரி, சைக்கிள் கடை நண்பர்கள் மூவரும் பந்தியில் ஓடி ஓடிப் பரிமாறினார்கள். அப்பா அவர்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நாலைந்து வருஷம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மாமியாரும் இறால் உரித்துக்கொண்டிருந்தோம். அப்பா அன்று மதியம் சாப்பிட வருவதாக இருந்தது. மாமியார் திடீரென்று சிரித்தார்.

"வூடு தேடறவன் எவன்மே இஸ்திரி போட்ட சட்டையில வருவான்? உன் போட்டோவ இவன் பர்ஸுல பாத்துருந்தேன். வந்த ஆளுக்கு அச்சு அசல் உன் மூஞ்சி. கண்டுகினேன்."

"தெரிஞ்சேதான் அப்படிச் சொன்னீங்களா அத்தை?"

"என் தம்பி பொண்ணக் கட்டி வெக்கலாம்னு இருந்தேன். பெத்தவளே கலீஜா சொன்னா எந்த அப்பன் பொண்ணு குடுப்பான்? உங்கப்பன் குடுத்துட்டாரு, இன்னா பண்றது!"

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது, நிஜமான கோபம். மிச்ச இறாலை அப்படியே விட்டுவிட்டுக் கை கழுவப் போய்விட்டேன். என்னை வேண்டாம் என்றவர் கையால்தான் இத்தனை வருஷம் சாப்பிட்டிருக்கிறேனா? முதல் வருஷம் அவர் என்னைக் கொஞ்சியதில் எது நிஜம், எது நடிப்பு என்று தோண்டித் தோண்டிப் பார்த்தேன்.

அப்பா வந்தார். மாமியார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, இருப்பதிலேயே பெரிய மீன் துண்டாகப் பார்த்து அவர் தட்டில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். என்னால் அடக்க முடியவில்லை. அப்பாவின் காதருகே குனிந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீங்கள் ஏமாந்தீர்கள் என்றும் சொன்னேன்.

அப்பா முள்ளைத் தட்டின் ஓரம் ஒதுக்கினார்.

"அன்னிக்கே தெரியும், பாப்பா. எந்தத் தாய் முன்ன பின்ன தெரியாதவன்கிட்ட பெத்த புள்ளயப் பத்தி அப்படிப் பேசுவா? அந்தம்மா கெடுக்கணும்னே பேசிச்சி. கெடுக்கணும்னு நெனச்சவங்களுக்கே அதுக்கு மேல சொல்ல ஒண்ணும் கெடைக்கல."