கணக்குக் கொப்பியின் உறையில் ஒரு மரணம்

கடுகண்ணாவையில் என் கடைக்கு ஜப்பானிலிருந்து பாவித்த சாமான் வரும். ரைஸ் குக்கர், மின்விசிறி, பீங்கான். பீங்கான் உடையாமலிருக்க நடுவில் திணித்து அனுப்புவது பழைய சஞ்சிகைகள். அப்படித்தான் ஒரு வீடியோ கேம் சஞ்சிகை இதழ் இதழாக என்னிடம் வந்து சேர்ந்தது. எனக்கு அது வெறும் தாள். ஹந்தானையில் பிறந்து, இப்போது கண்டி டவுனில் போன் திருத்தும் என் கூட்டாளிக்கோ அது வரலாறு. வந்ததையெல்லாம் அவனிடமே கொடுத்துவிடுவேன். கடைசிக் கட்டு மட்டும் கொஞ்ச நாள் என் வீட்டில் கிடந்து போனது.

அவனுக்கு ஜப்பான் எழுத்தில் ஒன்றுகூடத் தெரியாது. படம் பார்த்தே வரலாறு கட்டிவிட்டான். கேம் எல்லாம் கெசட்டில் வந்த காலத்தில் பிறந்ததாம், அட்டையில் சீடி ஒட்டி விற்ற காலத்தில் கொழுத்ததாம், இன்டர்நெட் வந்ததும் மெலிந்து செத்ததாம். ஆதாரம் கேட்டால் கடைசி இதழ்களைத் தூக்கிக் காட்டுவான்.

"பாரு மச்சான், எலும்பும் தோலுமா கெடக்கு!"

ஆள் கொஞ்சம் இளைத்தாலே 'சீனி வருத்தமா?' என்று கேட்கிற சனம் நாம். அவனும் அதே வைத்தியம்தான் பார்த்திருந்தான்.

தன் சேனலில் ஞாயிற்றுக்கிழமை நேரலை என்றும் அறிவித்துவிட்டான்: 'ஒரு சஞ்சிகையின் பிறப்பும் இறப்பும்.' ஆனால் கடைசி இதழின் கடைசிப் பக்கத்தைக் காணவில்லை. அதில்லாமல் சாவை எப்படி நடத்துவது? சனிக்கிழமை தேடிக்கொண்டு என் வீட்டுக்கே வந்தான்.

மேசையில் பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கொப்பிகள். பார்த்ததும் நின்றுவிட்டான்.

"தங்கச்சி, இது..."

"உறைண்ணா. பளபளன்னு நல்ல தாளு," என்றாள் என் மனைவி.

"நடுப் பக்கமெல்லாம்?"

"அதுவும்தான். மூணு புள்ளைங்க கொப்பிக்கு பின்ன எங்க போறது?"

ஆக, சஞ்சிகையை இளைக்க வைத்தது இன்டர்நெட் இல்லை, என் வீட்டுக்காரி.

மகளின் கணக்குக் கொப்பியில்தான் அந்தக் கடைசிப் பக்கம். கோட் போட்ட ஐந்து பேர் குனிந்து வணங்கி நின்றார்கள். "விடைபெறுறாங்க மச்சான்," என்று தழுதழுத்தபடி மொழிபெயர்க்கும் கேமராவைப் பிடித்தான். போன் தமிழில் சொன்னது: மாதம் இருமுறை வந்த நாங்கள், வாசகர் ஆதரவால் இனி வாரந்தோறும் வருவோம். நன்றி.

"செத்தவரு வாராவாரம் வரப்போறாராமே!" என்றாள் மனைவி.

"போஸ்டரெல்லாம் போட்டாச்சு தங்கச்சி. சனம் அழ ரெடியா இருக்கு."

போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கொப்பியோடு போய்விட்டான்.

ஞாயிறு நேரலையில் கறுப்புச் சட்டை. ஐந்து பேரும் குனிந்தே நின்றார்கள். மூலையில் மகளின் வகுப்பு லேபல், 8 B. "இதுதான் இறுதி இதழின் இலக்கம்," என்று கண்ணைத் துடைத்தான். கீழே 'ஆழ்ந்த அனுதாபங்கள்' மளமளவென்று விழுந்தன. அலவத்துகொடையிலிருந்து ஒருவர், குடும்பத்தாருக்கு அல்லாஹ் பொறுமையைக் கொடுக்கட்டும் என்று எழுதியிருந்தார்.

மனைவி எழுந்தாள். "முடிஞ்சதும் பொணத்தத் திருப்பிக் கொண்டாரச் சொல்லுங்க. நாளைக்கு அவளுக்குக் கணக்குப் பாடம் இருக்கு."