கையுறை இல்லாத ஒரு கிழமையும் ஆறு சோடி மேசும்

பாலைவனத்துக்கு ஒட்டகப் பயணம் போக இருக்கிறோம், என்ன உடுப்புக் கொண்டுபோவது என்று கேட்டு இந்த மாதம் மட்டும் நாலு பேர் எழுதியிருக்கிறார்கள். இந்த விஷயத்தில் என்னைவிடக் குழம்பிய ஆள் மொன்றியலில் இருக்க முடியாது. ஆனாலும் போய் வந்தவன் என்ற முறையில் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். போனது 2008 ஜனவரியில், மொரோக்கோவுக்கு, நானும் மனைவி றெஜினாவும்.

ஏன் போனோம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். றெஜினா கோட்-டெ-நெய்ஜில் ஒரு கார்டெரியில், அதாவது பிள்ளைகள் காப்பகத்தில் வேலை செய்கிறாள். பனி கொட்டும் மாரிகாலத்தில் பதினாறு பிள்ளைகளுக்குக் கையுறை மாட்டி வெளியே விளையாட விடுவதும், திரும்பி வந்ததும் அத்தனையையும் கழற்றிக் காயப்போடுவதும் அவள் வேலை. நாளுக்கு இரண்டு தரம். அவளுக்கோ குளிர் பட்டால் விரல்கள் வெள்ளையாகிச் செத்துப்போகிற ஒரு வருத்தம் இருக்கிறது. முந்தின வருஷம் ஒரு விரல் நுனி புண்ணாகி மூன்று கிழமை வேலைக்குப் போகவில்லை. இன்னொரு தரம் அப்படி விட்டால் விரல் நுனியே போகலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதனால் ஒக்டோபர் தொடங்கி ஏப்ரல் வரை அவள் வீட்டுக்குள்ளேயும் கையுறையோடுதான் இருப்பாள். மெல்லிய கையுறையைப் போட்டுக்கொண்டு சோறு குழைக்க முடியாமல் கரண்டியால் சாப்பிடுவதைப் பார்க்க எனக்கே கவலையாக இருக்கும்.

நத்தார்ப் பண்டிகைக்கு முதல் ஒருநாள் நான் வாய் தவறி அல்ல, யோசித்தே சொன்னேன்.

"ஒரு கிழமை. கிளவுஸ் இல்லாமல் ஒரே ஒரு கிழமை உம்மை வைச்சிருப்பன். இது வாக்கு."

"எங்கை?" என்றாள்.

"பாலைவனம்," என்றேன். அதைவிடச் சூடான இடம் எனக்குத் தெரியாது. மொன்றியலிலிருந்து காசாபிளாங்காவுக்கு நேரே விமானம் இருக்கிறது, ஆறே முக்கால் மணித்தியாலம்.

குழப்பம் அன்றே தொடங்கிவிட்டது. ஒட்டகப் பயணம் ஒழுங்கு செய்கிறவர்கள் பிரெஞ்சில் ஒரு பட்டியல் அனுப்பினார்கள். வெயில் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, நீண்ட கைச் சேட் என்று நன்றாகப் போய்க்கொண்டிருந்த பட்டியலின் நடுவே, சைபருக்குக் கீழே ஐந்து பாகை தாங்கும் உறக்கப் பை என்று இருந்தது. அச்சுப் பிழை என்றே நினைத்தேன். சந்தேகம் தீர, ஆஸ்பத்திரியில் என்னோடு நோயாளர் வண்டில் தள்ளும் றஷீட்டிடம் கேட்டேன். அவன் மொரோக்கோக்காரன்.

"நான் காசாபிளாங்கா. கடல் பற்றிக் கேள், சொல்கிறேன். பாலைவனத்தை நான் டிவியில்தான் பார்த்தேன்," என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டு, "சூடாகத்தான் இருக்கும், பாலைவனம்தானே," என்று சேர்த்தான். எனக்கு வேண்டியதும் அந்தப் பதில்தான், பிடித்துக்கொண்டேன்.

மலையேறுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடைக்குப் போனால் அங்கே இருந்த பெண் பிள்ளை வேறு கதை சொன்னாள். அடுக்கடுக்காக உடுத்த வேண்டுமாம். முழங்காலோடு சிப் வைத்துக் கழற்றக்கூடிய களிசான் ஒன்றை 89 டொலருக்கு என் தலையில் கட்டினாள். அந்தச் சிப்பை நான் இன்றுவரை திறக்கவில்லை. சப்பாத்துக்குள் மணல் போய்க் கால் உரசாமல் இருக்கத் தடித்த கம்பளி மேசு, அதாவது காலுறை போட வேண்டும் என்று ஆறு சோடி தந்தாள். மேசை வாங்கினேன். கைக்குத்தான் வாக்குக் கொடுத்திருந்தேன், காலுக்கு இல்லையே.

பிறகு ஒத்திகை. எங்கள் சோபாவின் கைப்பிடிதான் ஒட்டகம். ஒவ்வொரு உடுப்பாகப் போட்டு அதன் மேல் கால் பரப்பிப் பத்து நிமிஷம் இருந்து பார்த்தோம். ஜீன்ஸின் தையல் தொடையை அறுத்தது. காற்றோட்டமாக இருக்குமே என்று சாறம் கட்டிக்கொண்டு ஏறினேன். றெஜினா சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக்காரர் தடியால் முகட்டில் தட்டினார். தேறியது அவளுடைய பழைய பருத்திப் பஞ்சாபி உடுப்பு ஒன்றுதான். பட்டியலில் தலைக்குச் சுற்ற நாலு மீட்டர் மெல்லிய துணி என்று இருந்தது. கடையில் அதற்கு 35 டொலர். எங்கள் அலுமாரியில் கோயிலுக்குக் கட்டும் எட்டு முழ வேட்டி சும்மா கிடந்தது. அதை எடுத்து வைத்தேன்.

புறப்படும் சனிக்கிழமை காலை நாங்கள் ஒட்டகம் ஏறவிருந்த மெர்சூகா என்ற பாலைவன ஊரின் காலநிலையை இணையத்தில் பார்த்தேன். பகல் பதினேழு, இரவு ஒன்று. பதினேழா, ஒன்றா, எதை நம்புவது? றெஜினாவிடம் சொன்னால் வாக்கு அங்கேயே உடையும், சொல்லாவிட்டால் விரல் என்னாவது? கடைசியில் கோழைகள் செய்கிற வேலையைச் செய்தேன். அவளுடைய தடித்த கையுறைகளைக் களவாக எடுத்துச் சின்னப் பையின் பக்கப் பொக்கற்றுக்குள் திணித்தேன்.

விமான நிலையத்துக்கு எங்களை ஏற்றிப் போனவர் நோத்ர-டாம்-த-கிரேஸில் இருக்கும் எங்கள் கோயில் நண்பர் சூசை அண்ணை. மாரியில் சூடான தேசத்துக்குப் போகிற மொன்றியல்காரர் எல்லாரும் செய்வதை நாங்களும் செய்தோம். வாசலில் இறங்கியதும் குளிர் ஜக்கெற்றுகளைக் கழற்றி, ஏற்றி வந்தவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே ஓட வேண்டும். அவர் அவற்றைக் காரில் வைத்திருந்து, திரும்பி வரும்போது கொண்டுவருவார். மாலை சரியாக ஆறு மணிக்குக் கையில் போட்டிருந்த மெல்லிய கையுறைகளையும் கழற்றிக் கொடுத்தாள் றெஜினா. வெளியே சைபருக்குக் கீழே பதினெட்டு. நான் தள்ளுவண்டில் எடுக்க ஓடினேன்.

"ஒரு கிழமைக்கு இதுகளை என்ரை கண்ணிலை காட்டாதேங்கோ அண்ணை," என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது.

ஞாயிறு காலை காசாபிளாங்கா. அங்கிருந்து மராகேஷுக்கு ரயிலில் மூன்றரை மணித்தியாலம். றெஜினா வெறுங்கையால் தோடம்பழம் உரித்துத் தின்றாள். எனக்கு அதைப் பார்த்தாலே போதும் என்றிருந்தது. திங்கள் காலை மெர்சூகாவுக்கு பஸ், ஏறத்தாழ 560 கிலோமீட்டர், பன்னிரண்டு மணித்தியாலம். நடுவில் அட்லஸ் மலையில் ஏறும்போது இரு பக்கமும் பனி. றெஜினா பஸ்ஸின் திரையை இழுத்து மூடினாள். நானும் பார்க்காதவன் போல் இருந்தேன்.

செவ்வாய் பின்னேரம் மூன்றரைக்கு ஒட்டகம் ஏறினோம். இரண்டு இரவுக்கு ஆளுக்கு 900 டிர்ஹாம். வழிகாட்டி ஹசன் என்ற நடுவயதுக்காரர், நல்ல பிரெஞ்சு பேசினார். என் தலையில் வேட்டியை அவரே சுற்றிவிட்டு, இவ்வளவு நல்ல துணியை எங்கே வாங்கினாய் என்று கேட்டார். நாங்கள் கொண்டுவந்ததில் பாராட்டுப் பெற்றது அது ஒன்றுதான். அன்று பின்னேரம் வெயில் இதமாக இருந்தது. ஒன்றரை மணித்தியாலம் மணல் மேட்டில் ஆடி ஆடிப் போனோம். றெஜினா கையைக் கீழே விட்டு ஒட்டகத்தின் கழுத்து மயிரைத் தடவிக்கொண்டே வந்தாள். இரவு கூடாரத்தில் ஆளுக்கு நாலு கம்பளி தந்தார்கள், அதற்குள் குளிர் தெரியவில்லை.

தெரிந்தது அடுத்த நாள் காலை ஆறேகாலுக்கு. சூரிய உதயம் பார்க்க மேட்டு உச்சிக்கு ஒட்டகத்தில் போக வேண்டும். ஒட்டகச் சேணத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி இருக்கிறது. அது இரும்பு. இதை எந்தப் பட்டியலும் எனக்குச் சொல்லவில்லை. இரவு முழுக்க வெளியே கிடந்த இரும்பு. அதை விட்டால் விழ வேண்டியதுதான். இருபது நிமிஷம் போயிருக்கும்.

"இஞ்சேருங்கோ," என்றாள் பின்னாலிருந்து. குரல் சரியில்லை. "எனக்குப் பிடி தெரியேல்லை."

ஹசன் ஒட்டகங்களை இருத்தினார். டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். பெருவிரல் தவிர எட்டு விரலும் மெழுகுதிரி போல் வெள்ளை.

"பொறும், பொறும். கிளவுஸ் கிடக்கு. நான் களவாய் எடுத்து வைச்சனான்," என்று பையின் பக்கப் பொக்கற்றைத் துழாவினேன். வெறும் மணல்.

"அது இல்லை," என்றாள். "எயாப்போட்டிலை பாஸ்போட் தேடேக்கை கண்டனான். சூசை அண்ணையிட்டைக் குடுத்திட்டன்."

"விசரே உமக்கு? ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் தந்த வாக்கை நீங்களே களவாய் உடைச்சால், நானாவது காப்பாத்த வேண்டாமோ?"

யார் பிழை, யார் சரி என்று எனக்கு அன்றும் விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை. ஹசன் எங்கள் சண்டையைக் கவனிக்காமல் அவள் கைகளைப் பிடித்து ஒட்டகத்தின் விலாவுக்கும் கம்பளிக்கும் நடுவே சொருகினார். அங்கே நல்ல சூடு. அப்படியே கால் மணித்தியாலம் மணலில் முழந்தாளில் நின்றாள். வெள்ளை நீலமாகி, நீலம் சிவப்பாகி உணர்வு வரும்போது நோவில் அழுதாள். நானும் அழுதேன், சொல்ல வெட்கமில்லை. நாங்கள் பார்க்க வந்த சூரியன் முதுகுப் பக்கமாக உதித்துப் போனது.

"கனடாவிலிருந்து வருகிறீர்கள். கையுறை இல்லையா?" என்று ஹசன் கேட்டார். "ஆச்சரியம் என்னவென்றால் கனடாக்காரர்கள்தான் எப்போதும் இல்லாமல் வருகிறார்கள்."

குளிர் எங்கள் ஊரில் மட்டும்தான் இருக்கிறது என்று நாங்கள் நினைத்துக்கொள்கிறோம் போலிருக்கிறது. வாசலில் அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தால் முடிந்தது என்று நம்புகிறோம்.

கை இளகியதும் றெஜினாவே பையைத் திறந்து கம்பளி மேசு இரண்டு சோடியை எடுத்தாள். ஒன்றின் மேல் ஒன்றாகக் கையில் இழுத்துவிட்டு முழங்கை வரை ஏற்றினாள்.

"மேசு போடக் கூடாது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லைத்தானே," என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒட்டகத்தில் ஏறினாள். அடுத்த நாளும் விடியலில் அப்படியே போனோம், விரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த முறை உதயத்தையும் பார்த்தோம்.

ஆகவே போகிறவர்களுக்கு: ஜனவரி என்றால் மொன்றியல் மாரி உடுப்பில் பாதியையாவது கொண்டுபோங்கள். அந்த இரும்புக் கைப்பிடிக்காக முக்கியமாகக் கையுறை. தையல் உரசாத தொளதொளத்த களிசான் அல்லது பஞ்சாபி, தோளில் மாட்டும் தண்ணீர்ப் போத்தல், சின்ன டோர்ச். சில்லு வைத்த பெட்டியை ஒட்டகத்தில் கட்ட முடியாது, அதை மெர்சூகா விடுதியிலேயே விட்டுவிட்டு இரண்டு மென்மையான பைகளில், இரு பக்கமும் ஒரே பாரமாக, சாமானைப் பிரியுங்கள். வேட்டி தாராளமாகப் போதும். சாறம் வேண்டாம்.

வந்த வழியே திரும்பி, சனிக்கிழமை பின்னேரம் நாலு நாற்பதுக்கு மொன்றியல் விமான நிலைய வாசலுக்கு வந்தோம். சைபருக்குக் கீழே இருபத்திரண்டு, காற்று வேறு. சூசை அண்ணை இரண்டு ஜக்கெற்றையும் கையில் தொங்கவிட்டு நின்றார். மேலே அந்தத் தடித்த கையுறைகள்.

"இந்தா பிள்ளை, கெதியாய்ப் போடு," என்று நீட்டினார்.

றெஜினா ஜக்கெற்றை மட்டும் வாங்கினாள். என் பையிலிருந்து மேசுகளை எடுத்து, வாசலில் போகிற வருகிற எல்லாரும் பார்க்கக் கைகளில் இழுத்துவிட்டாள். சூசை அண்ணை என்னைப் பார்த்தார்.

"ஆறு மணியாகட்டும் அண்ணை, பேந்து போடுறன்," என்றாள் அவள். "இவர் தந்த கிழமையிலை எனக்கு இன்னும் ஒரு மணித்தியாலமும் இருபது நிமிஷமும் கிடக்கு."